கருவிக்கொட்டிலின் கதவு

டோர்செட் பார்க், ஸ்காபரோ
22 ஒக்ரோபர் 1995

அன்புள்ள வாகீசன் மாமாவுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. லிஃப்ற்றுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஏழு மாடியும் படியால் ஏறிக்கொண்டே வாசித்து முடித்தேன். இரவு அம்மாவுக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். அம்மா அடுப்படியில் நின்றபடியே கேட்டுவிட்டு, "உவன் எங்கட வீட்டில ஒரு வாளி தண்ணி அள்ளி ஊத்தினவனே? இப்ப வெள்ளைக்காரன்ர பூங்கண்டுக்கு ஊத்துறானாம்" என்று சிரித்தார். தம்பியைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் அவர் இப்போது சிரிக்கிறார். மற்ற நேரமெல்லாம் வானொலி. யாழ்ப்பாணத்தில் சண்டை நெருங்கி வருகிறது என்று சொல்கிறார்கள்.

ஒரு முக்கியமான செய்தி. எட்டாம் வகுப்பில் எங்கள் ஆசிரியை மிஸ் டொனெலி ஒரு பெரிய வேலை தந்திருக்கிறார். "என் குடும்பத்தவர் ஒருவர் வேலை செய்யும் இடம்" என்பது தலைப்பு. மார்ச்சில் வகுப்பில் பேச வேண்டும், மே கடைசியில் பள்ளி மண்டபத்தில் கண்காட்சி. எல்லாரும் தொழிற்சாலை, டோனற் கடை என்று எழுதுகிறார்கள். நான், நீங்கள் தோட்டவேலை செய்யும் பிரபுவின் மாளிகை, வெதர்கோட் ஹோல் என்று எழுதிக் கொடுத்தேன். மிஸ் டொனெலி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

நீங்கள் இதுவரை எழுதிய பதினொரு கடிதங்களையும் வைத்துப் பெரிய மட்டையில் வரைபடம் கீறத் தொடங்கிவிட்டேன். இரட்டை வரிசை மரச்சாலை, வெட்டி உண்டாக்கிய ஏரி, மதில் சூழ்ந்த காய்கறித் தோட்டம், கருவிக்கொட்டில், பனிக்கட்டி சேமித்த நிலவறை எல்லாம் வந்துவிட்டன. ஒன்று மட்டும் விளங்கவில்லை. வீட்டுக்கு முன்னால் வேலிக்குப் பதிலாக ஒரு பள்ளம் இருக்கிறது, அதற்கு "ஹா-ஹா" என்று பெயர் என்று எழுதினீர்கள். பள்ளத்தில் இறங்குகிற ஆடு மற்றப் பக்கத்தால் ஏறி வராதா?

மேல்மாடியில் இருக்கும் நிதுசன் என்னுடைய வகுப்புத்தான். அவன் எல்லாருக்கும் முன்னால், "லண்டனில எங்கட ஆக்கள் எல்லாரும் பெற்றோல் ஷெட்டிலதான் நிக்கினம். உன்ர மாமாவும் அங்கதான் நிப்பார். சும்மா புளுகாதை" என்று சொன்னான். நான் அவனுடன் கதைப்பதில்லை. ஆனால் நீங்கள் தோட்டத்தில் நிற்கும் படம் ஒன்று அனுப்பினால் நல்லது.

அன்பு மருமகள்,
கௌசி


ஈஸ்ற் ஹாம், லண்டன்
12 நவம்பர் 1995

என் அன்பு கௌசிக்கு,

ஆட்டைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நீதான். இங்கே வருகிறவர்கள் "ஓ, எவ்வளவு அழகு" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். பள்ளத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. வெளிப்பக்கம் சரிவு, ஆடு புல்லுத் தின்றுகொண்டு சுகமாக இறங்கும். வீட்டுப் பக்கம் நேரே எழும்பின கல்மதில். ஆடு அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். வீட்டுக்குள் இருந்து பார்த்தால் மதிலும் தெரியாது, பள்ளமும் தெரியாது. ஒரே புல்வெளி போலத்தான் இருக்கும். தடுக்கிறதே தெரியாமல் தடுக்கிற வேலி.

இன்னொன்றையும் உன் மட்டையில் போடு. ஏரிக்கு அப்பால் முந்தி ஒரு கிராமம் இருந்ததாம். பிரபுவின் யன்னலில் இருந்து பார்க்க வடிவாக இல்லை என்று, இருநூறு வருடத்துக்கு முன்னால் வீடுகளை இடித்து ஆட்களை எழுப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது அதில் மரமும் மானும். வெயில் சாயும் நேரம் அந்த வீடுகளின் அத்திவாரம் புல்லுக்குள் வரிவரியாகத் தெரியும். யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் ஊரைவிட்டு எழும்பிப் போகுதாம் என்ற செய்தி கேட்ட அன்று நான் அந்தப் பக்கம் இலை கூட்டப் போகவில்லை.

இனி கருவிக்கொட்டில். அதன் கதவின் உட்பக்கம் முழுக்கப் பெயர்கள். 1871ஆம் ஆண்டிலிருந்து ஒரு வழக்கம்: ஒரு வருடம் முழுசாக வேலை செய்தவன் கொப்பு வெட்டும் கத்தியால் தன் பெயரையும் ஆண்டையும் அதில் வெட்டலாம். பிரபுவின் பெயர் அதில் இல்லை. அவர் ஒரு நாளும் மண் கொத்தவில்லையே. போன ஓகஸ்ற்றில் என் முறை வந்தது. தலைமைத் தோட்டக்காரர் ஹட்சன் கத்தியைத் தீட்டித் தந்தார். என் பெயர் அந்தக் கதவில் இருக்கிறது, கௌசி. இந்த நாட்டில் என் பெயர் இருக்கிற ஒரே இடம் அதுதான்.

என்னிடம் கமரா இல்லை. அதோடு ஒன்று சொல்கிறேன், மறக்காதே. எனக்கு எழுதுவதை ஈஸ்ற் ஹாம் விலாசத்துக்கே போடு. நான் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை இங்கே வந்து எடுப்பேன். பெரிய வீட்டு விலாசத்துக்கு ஒன்றும் போடாதே. அங்கே ஒஃபிசில் இருக்கும் மிஸஸ் கோல்மன் முத்திரை சேர்க்கிறவ. கனடா முத்திரையைக் கண்டால் கடிதத்தோடு சேர்த்து வெட்டி எடுத்துவிடுவா!

அம்மாவை வானொலியை நிற்பாட்டிவிட்டுக் கொஞ்சம் நித்திரை கொள்ளச் சொல்லு.

மாமா


டோர்செட் பார்க்
14 ஜனவரி 1996

அன்புள்ள வாகீசன் மாமாவுக்கு,

அம்மப்பாவும் சின்னம்மாவும் கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று செய்தி கிடைத்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்களாம். அம்மா இரண்டு மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் தலைக்கு முழுகினார்.

இடித்த கிராமத்தை வரைபடத்தில் போட்டுவிட்டேன். வீடு வீடாகப் புள்ளி வைத்தேன். எத்தனை வீடு என்று நீங்கள் எழுதாததால் நாற்பது போட்டேன். பிழை என்றால் சொல்லுங்கள், அழிப்பேன்.

உங்கள் இடது கையையும் ஓரத்தில் கீறியிருக்கிறேன், கத்திரிக்கோலோடு. சின்ன வயதில் கிணற்றுக் கப்பியில் அகப்பட்டுப் பாதி போன சின்ன விரலையும் சரியாகவே கீறினேன். "உந்த விரலை ஏன் கீறினனி?" என்று அம்மா கேட்டார். உள்ளதை உள்ளபடி கீற வேண்டும் என்று சொன்னேன்.

ஒரு இரகசியமும் இருக்கிறது. இப்போது சொல்லமாட்டேன். மார்ச்சில் நீங்களே அதிசயப்படுவீர்கள்.

கௌசி


ஈஸ்ற் ஹாம்
11 பெப்ரவரி 1996

அன்பு கௌசி,

அவசரத்தில் எழுதுகிறேன். பனிக்குள்ளால் வெள்ளைப் பூக்கள் தலை காட்டிவிட்டன. குனிந்த தலையோடுதான் வருகின்றன, கூச்சப்படுகிற பிள்ளைகள் மாதிரி.

என் அகதி வழக்கின் மேன்முறையீடு ஜூன் 18 என்று திகதி தந்திருக்கிறார்கள். இதிலும் இல்லை என்றால் திருப்பி அனுப்புவார்கள். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லு.

நாற்பது வீடு சரி. இருக்கட்டும். இரகசியம் என்ன? எனக்கு உடனே எழுது.

மாமா


டோர்செட் பார்க்
17 மார்ச் 1996

வாகீசன் மாமாவுக்கு,

இரகசியம் என்னவென்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன்.

ஜனவரியில் நான் வெதர்கோட் ஹோல் ஒஃபிசுக்குக் கடிதம் போட்டேன். என் மாமா வாகீசன் உங்கள் தோட்டத்தில் வேலை செய்கிறார், அவருடைய பெயர் இருக்கும் கருவிக்கொட்டில் கதவைப் படம் பிடித்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அவருக்குத் தெரியக் கூடாது, இது அவருக்கு நான் கொடுக்கும் பரிசு என்றும் எழுதினேன். நீங்கள் சொன்ன முத்திரை விஷயத்தையும் நான் மறக்கவில்லை. மிஸஸ் கோல்மனுக்கு என்று பாவிக்காத கனடா முத்திரைகள் ஐந்து தனியாக உள்ளே வைத்தேன்.

பதில் பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்தது. நான் பேசும் நாளில் எல்லாருக்கும் முன்னால் பிரிப்போம் என்று மிஸ் டொனெலி உறையை அப்படியே வைத்திருந்தார். போன திங்கட்கிழமை நான் இருபது நிமிடம் பேசினேன். ஹா-ஹா, ஏரி, நாற்பது வீடு, கதவு எல்லாம் சொன்னேன். கடைசியில் மிஸ் டொனெலி உறையைப் பிரித்துக் கடிதத்தை வாசித்தார். அது எனக்கு மனப்பாடமாகிவிட்டது:

"முத்திரைகளுக்கு மிக்க நன்றி. ஆனால் வாகீசன் என்ற பெயரில் எவரும் இங்கே வேலை செய்யவில்லை, செய்ததும் இல்லை. நீர் எழுதிய வேலைகளை எல்லாம் செய்பவர் எங்கள் இக்னேசியஸ். அவரும் உமது நாட்டவர்தான். மிக நல்ல மனிதர். கதவின் படத்தை அனுப்புகிறேன். கடைசிப் பெயர் அவருடையது. தாழ்ப்பாளுக்குக் கீழே உள்ளவை ஏதோ பிள்ளைகள் கீறிய கிறுக்கல்."

படத்தில் நான் பார்த்தேன். S. IGNATIUS 1995. உங்கள் பெயர் இல்லை.

மிஸ் டொனெலி பாதியில் வாசிப்பதை நிறுத்தியிருக்கலாம். அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நிதுசன் மட்டும் பின்வரிசை வாங்கில் இருந்து, "சொன்னனான் தானே, பெற்றோல் ஷெட்" என்றான். வகுப்பில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். மற்றவர்கள் என்ன என்று கேட்டு, அவர்களும் பிறகு சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். நீங்கள் பொய் சொன்னீர்களா இல்லையா என்று அம்மா சொல்லவே இல்லை. "உனக்கார் அங்க எழுதச் சொன்னது? என்ன எழுதினனி? சொல்லு, என்ன எழுதினனி?" என்று மூன்று தடவை கேட்டார். அப்போதுதான் அவருக்கும் தெரியும் என்று விளங்கியது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஒருத்திதான் உங்கள் கடிதங்களைத் திகதிப்படி அடுக்கி, நூல் கட்டி வைத்திருந்தேன்.

இந்தக் கதையெல்லாம் உங்களுக்கு அந்த இக்னேசியஸ் சொன்னதா? அவருடைய வேலையை, அவருடைய கதவை உங்களுடையது என்று ஏன் எழுதினீர்கள்? நீங்கள் பெற்றோல் ஷெட்டில் நின்றிருந்தால் நான் பெற்றோல் ஷெட்டைப் பற்றி எழுதியிருப்பேன். உண்மையாக எழுதியிருப்பேன்.

ஆனால் அவருக்கு அநியாயம் நடக்க நான் விடவில்லை. புதன்கிழமையே திரு. இக்னேசியஸிடம் எங்கள் குடும்பத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, மிஸஸ் கோல்மனுடைய பெயருக்கு அனுப்பிவிட்டேன். என் மாமா உங்கள் வாழ்க்கையைத் தன்னுடையது என்று சொல்லி வருகிறார், எப்போதாவது அங்கே வந்தால் இடது கையில் பாதிச் சின்ன விரலை வைத்து அடையாளம் காணலாம் என்று எழுதினேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

கௌசி


லண்டன்
21 ஏப்ரல் 1996

கௌசிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் வாசி.

மார்ச் 26 காலை என்னை ஒஃபிசுக்குக் கூப்பிட்டார்கள். ஹட்சன் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேசையில் உன்னுடைய இரண்டு கடிதமும் இருந்தன. உன் எழுத்து நல்ல வடிவு. மிஸஸ் கோல்மன், "இக்னேசியஸ், உன்ர இடது கையை மேசையில வை" என்றா. வைத்தேன்.

அந்த இக்னேசியஸ் நான்தான், கௌசி.

என் வழக்கு முதல் தடவை தோற்ற பிறகு எனக்கு இங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. ஈஸ்ற் ஹாம் அறையில் என்னோடு இருந்த இக்னேசியஸுக்கு விசா இருக்கிறது. அவன் தன் பெயரையும் வேலைக்கான பதிவு இலக்கத்தையும் எனக்குத் தந்தான். இங்கே எங்கட ஆக்கள் எத்தனையோ பேர் காலையில் இன்னொருவனுடைய பெயரில்தான் எழும்புகிறோம். அதுதான் நான் செய்த பிழை. வேலை என்னுடையது. மரமும் பள்ளமும் ஏரியும் நான் உனக்கு எழுதின ஒவ்வொரு வரியும் என்னுடையவை.

மிஸஸ் கோல்மன் வேதக்காரி. இக்னேசியஸ் என்ற பெயரைக் கேட்ட நாளிலிருந்து என்னைத் தன் ஆள் போலப் பார்த்தவ. ஜூலை கடைசியில் அந்தப் புனிதருடைய திருநாள் என்று கேக் செய்து தந்தா. போன வருடம் பெரிய வெள்ளிக்குக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனா. எப்போது சிலுவை போடுவது என்று தெரியாமல் அவவைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். இப்போது ஒஃபிசில் என் விரலைப் பார்த்துவிட்டு, "உன்னை எனக்குப் பக்கத்தில முழங்காலில இருத்தினேனே" என்று மட்டும் சொன்னா. அவ ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பொலிசுக்குப் போகவில்லை. பின்னேரத்துக்குள் போய்விடு என்றார்கள். அங்கே விசாரித்தால் தனக்கும் பிரச்சினை வரும் என்று இக்னேசியஸ் அறைப் பூட்டை மாற்றிவிட்டான். அவனையும் குறை சொல்ல முடியாது. நான் பெயரை வாங்கி அவனுக்கே ஆபத்துக் கொண்டுவந்தேன். புது விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது.

அம்மாவுக்குத் தெரியும். உனக்குச் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, அவளைப் பொய் சொல்ல வைக்கக் கூடாது என்று நான்தான் அம்மாவிடம் சொன்னேன். முத்திரைக் கதை உன்னைத் தடுக்க நான் சொன்ன ஒரு சாட்டு. ஆனால் மாமா போடாதே என்று சொன்னால் போடாமல் விட்டிருக்கலாம்.

என் பெயர் கதவில் இருக்கிறது என்று எழுதினேன். அது பொய் இல்லை. அதற்கு மேல் விளக்க எனக்கு மனம் இல்லை.

வாகீசன்


டோர்செட் பார்க்
5 மே 1996

அன்புள்ள வாகீசன் மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு நாள் புத்தகப் பைக்குள் கொண்டு திரிந்தேன். அம்மாவிடம் கொடுக்கப் பயமாக இருந்தது. கொடுத்தபோது அவர் என்னை ஏசவில்லை. "அவன்ர வாழ்க்கையில நீ கை வைச்சிட்டாய்" என்றார். அவ்வளவுதான். பிறகு வேலைக்குப் போய்விட்டார்.

"அது பொய் இல்லை" என்ற வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிறகு நூல்நிலையத்துக்குப் போய், வரைபடம் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிக் கதவின் படத்தைப் பார்த்தேன். ஆங்கிலப் பெயர்களைப் பார்க்கவில்லை. தாழ்ப்பாளுக்குக் கீழே, இருட்டான மூலையில், மிஸஸ் கோல்மன் பிள்ளைகளின் கிறுக்கல் என்று எழுதிய இடத்தைப் பார்த்தேன்.

வாகீசன். தமிழில். "கீ" யின் சுழிகூட வெட்டியிருக்கிறீர்கள். கத்தியால் சுழி வெட்டுவது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்.

நூல்நிலையத்தில் வாய்விட்டு அழுதேன். பார்க்கக் கூடிய இடத்தில்தான் இருந்தது. வகுப்பில் அன்றைக்கு ஒரு நிமிடம் குனிந்து பார்த்திருந்தால் போதும். நான் எல்லாவற்றையும் உற்றுப் பார்ப்பவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா, மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. நான் இக்னேசியஸிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்களை நோக்கித்தான் அந்தக் கடிதம் போனது, உங்களுக்கு எதிராகவும் அதுதான் போனது.

ஆனால் ஒன்று செய்ய என்னால் முடியும். கண்காட்சி மே 24. மிஸ் டொனெலியிடம் உங்கள் பெயரைக் காட்டி, நீங்கள் அங்கே வேலை செய்தது உண்மைதான் என்று சொன்னேன்; அவர் நம்பினார். படத்தைப் பெரிதாக்கி மட்டையின் நடுவில் ஒட்டிவிட்டேன். உங்கள் பெயருக்குச் சிவப்பு அம்புக்குறி போட்டு, "என் மாமா பொய் சொல்லவில்லை" என்று இரண்டு மொழியிலும் எழுதப் போகிறேன். ஸ்காபரோவில் வரும் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் இருந்து ஒருவர் படம் எடுக்க வருகிறார். அந்தப் பத்திரிகை லண்டனுக்கும் போகிறதாம். நிதுசன் முதல் எல்லாரும் பார்க்கட்டும்.

கௌசி


லண்டன்
12 மே 1996

கௌசி,

இதை அதிவிரைவுத் தபாலில் போடுகிறேன். உடனே அந்தப் படத்தைக் கழற்று.

இன்னொருவனுடைய பெயரில் வேலை செய்தவன் என்று தெரிந்தால், என் வழக்கில் நான் சொல்வது எதையும் நம்பமாட்டார்கள் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறா. ஜூன் 18க்கு இன்னும் ஐந்து கிழமைதான். என் பெயரும் அந்தத் தோட்டத்தின் பெயரும் ஒரே பக்கத்தில் வரக் கூடாது. எங்கேயும் வரக் கூடாது.

கதவில் இப்போது என் பெயர் இல்லை. போகிற அன்று பின்னேரம் ஹட்சன் கொட்டில் பூட்டின் திறப்பைத் தந்துவிட்டு, பார்க்காமல் நடந்து போனார். உளியை எடுத்து நானே சுரண்டினேன். அதை வெட்ட மூன்று மத்தியானம் எடுத்தது. சுரண்டக் கால் மணித்தியாலம் போதும். இக்னேசியஸை விட்டுவிட்டேன்; அது அவனுடைய பெயர்.

ஆகவே உன்னிடம் இருக்கும் படத்தில் மட்டும்தான் அது இருக்கிறது. எரிக்கச் சொல்ல நினைத்தேன். சொல்ல முடியவில்லை. ஒருவருக்கும் காட்டாதே.

உன்னில் கோபம் இல்லை என்று எழுதச் சொல்லி உன் அம்மா டெலிபோனில் கேட்டா. எழுதினால் அது பொய். கோபம் இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளையில் கோபப்பட எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது. இரண்டும் இருக்கிறது.

பதில் போடுவதென்றால் உறையில் என் பெயரை எழுதாதே. கதவு இலக்கம் போதும்.


டோர்செட் பார்க்
26 மே 1996

மாமா,

உங்கள் கடிதம் 17ஆம் திகதி வந்தது. அன்று பின்னேரமே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி ஓடினேன். பசை நன்றாகக் காய்ந்துவிட்டது. பெரிதாக்கிய படம் துண்டு துண்டாகத்தான் வந்தது. ஒவ்வொரு துண்டையும் பொறுக்கி எண்ணி வீட்டுக்குக் கொண்டுவந்து, கழுவுதொட்டியில் ஊறவைத்துப் பிசைந்தேன். மிஸஸ் கோல்மன் அனுப்பிய சின்னப் படம் பத்திரமாக இருக்கிறது. எங்கே என்று இதில் எழுதவில்லை.

மட்டையின் நடுவில் கதவளவு வெள்ளையாக உரிந்துபோய் இருந்தது. புது மட்டையில் எல்லாம் திரும்பக் கீற நேரம் இல்லை. உங்கள் கையையும் விரலையும் கறுப்பு மையால் மூடி, அதை ஒரு மரமாக்கினேன். அப்படியே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரர் வந்தார். வேட்டைக்கு வந்தவர் போலக் கழுத்தில் இரண்டு கமரா. வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு பிள்ளை. இதில உரிஞ்சு கிடக்கே, என்ன இருந்தது?" என்று கேட்டார்.

"பிழையா ஒட்டிப்போட்டன், அங்கிள்."

"உங்கட சொந்தக்காரர் ஆரோ அங்க வேலை செய்யினமாம் எண்டு ரீச்சர் சொன்னா. ஆர்? பேர் என்ன?"

அம்மா எனக்குப் பின்னால் நின்றார். நிதுசனும் நின்றான். என் முதுகில் அம்மாவின் கை பட்டது.

"ஒருத்தரும் இல்லை அங்கிள். லைப்ரரிப் புத்தகத்தைப் பார்த்து எழுதினது. நான் சும்மா எல்லாருக்கும் புளுகினனான்."

நிதுசன் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அந்தரமாக இருந்தது. பத்திரிகைக்காரர் படம் எடுக்காமல் அடுத்த மேசைக்குப் போனார். மிஸ் டொனெலி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குடும்பத்தவர் வேலை செய்யாத இடத்தைப் பற்றி எழுதியதற்கும் வகுப்பில் பொய் சொன்னதற்கும் சேர்த்துப் புள்ளி குறைக்க வேண்டியிருக்கிறது என்றார். தன்னை நான் இப்படி ஏமாற்றுவேன் என்று நினைக்கவில்லை என்றும் சொன்னார். மிஸஸ் கோல்மன் உங்கள் விரலைப் பார்த்தபோது நீங்கள் எப்படி நின்றிருப்பீர்கள் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

கோபம் இருக்கட்டும், மாமா. அது போய்விட்டதா என்று இனி நான் கேட்டு எழுதமாட்டேன். ஜூன் 18 அன்று அம்மா வேலைக்குப் போகமாட்டார்.

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று அம்மாவிடம் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். "ஒருத்தரும் இல்லை" என்று சொன்னபோது எனக்குக் குரல் நடுங்கவே இல்லை.